யாட் கிளப்புக்குள் பயிற்சி எப்போது நுழைந்தது? ஆப்டிமிஸ்ட்டில் ஏன் முதலில் கவிழ்க்கச் சொல்கிறார்கள்?

நெய்தல்வாசி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. பிள்ளைகளைப் பாய்ப்படகுப் பயிற்சியில் சேர்க்க யோசிக்கும் பெற்றோருக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்னுரைக்கு யாட் கிளப்களின் (பாய்ப்படகுக் கழகங்களின்) வரலாறு தேவைப்படுகிறது. கண்ணில் படுவதெல்லாம் 1720, அயர்லாந்தின் கார்க் என்றுதான் தொடங்குகிறது. பிறகு பிரபுக்கள், கோப்பைகள், விருந்துகள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை இதற்குள் எப்போது, யாரால் வந்தது என்பது பிடிபடவில்லை.

அடுத்தது ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்ப்படகு. மூக்கு வெட்டிய பெட்டி மாதிரி ஏன் இருக்கிறது? முதல் வாரத்திலேயே வேண்டுமென்று படகைக் கவிழ்க்கச் சொல்வதைப் பார்த்துப் பெற்றோர் மிரண்டுபோகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கரையில் நிற்கும்போதே படகில் எதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்?

பாமிர் என்ற பயிற்சிக் கப்பல் மூழ்கிய கதையைப் படித்த ஒருவர், "இத்தனை பேர் செத்த பிறகும் பெரிய பாய்மரக் கப்பலில் ஏன் பயிற்சி கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். விவரம் தெரிந்தவர்கள் அதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

கொண்டல்

கார்க்கிலிருந்து தொடங்கினால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காது. இரண்டு வருடம் முன்னால் போங்கள். 1718-ல் ரஷ்யாவின் முதலாம் பீட்டர், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரவாசிகளுக்கு 141 சிறு படகுகளை இலவசமாகக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நேவா ஆற்றில் கூடிப் பாய் விரித்துப் பழக வேண்டும், வராதவர் அபராதம் கட்ட வேண்டும். ஆற்றைக் கடக்கப் பாலமும் கட்ட விடவில்லை. நேவா மேல் நிலையான பாலம் 1850-ல்தான் வந்தது. கடற்படை இல்லாத நாட்டில் கடலோடிகளை உண்டாக்க ஒரு மன்னர் கண்ட வழி இது. இதைக் கிளப் என்று சொல்லலாமா என்று வாதிடுவோர் உண்டு. பயிற்சி என்பதில் சந்தேகமே இல்லை.

கார்க் துறைமுகத்தின் வாட்டர் கிளப் வேறு ரகம். ஹால்போலைன் தீவைத் தளமாக வைத்துக்கொண்டு, ஒரு "அட்மிரல்" தலைமையில், கொடியும் பீரங்கிச் சத்தமும் அடையாளமாக, படகுகள் அணிவகுத்துத் திரும்பிக் காட்டின. பந்தயம் அவர்களுடைய நோக்கமாக இல்லை. விதிகளில் ஒன்று, விருந்துக்கு அட்மிரல் இரண்டு கறி வகைக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்பது. சாப்பிட்ட பிறகு பாயோட்டத்தைப் பற்றிப் பேசினால் தண்டனை உண்டு என்பது இன்னொன்று.

1815 ஜூன் 1 அன்று லண்டனில் ஒரு விடுதியில் கூடியவர்கள் தொடங்கிய யாட் கிளப், 1833-ல் ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்று பெயர் பெற்றது. உறுப்பினராக 10 டன்னுக்குக் குறையாத யாட் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை உங்கள் கையேட்டில் அவசியம் சேருங்கள். படகின் அளவே வாசலில் காவல் நின்றது. அந்த யாட்களை உண்மையில் ஓட்டியவர்கள் சம்பளத்துக்கு வந்த மீனவர்கள். எசெக்ஸ் கரையின் டோல்ஸ்பரி, விவன்ஹோ, பிரைட்லிங்சீ ஊர்க்காரர்கள் கோடையில் யாட்டிலும் குளிர்காலத்தில் மீன்பிடியிலுமாக இருந்தார்கள். பாயை எப்போது சுருக்குவது என்ற அறிவு அவர்கள் கையில் இருந்தது. கிளப்பில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் விரிசல் 1872-ல். தேம்ஸ் கரையில் எரித் என்ற ஊரில் தொடங்கிய கொரிந்தியன் கிளப், கூலியாள் இல்லாமல் உறுப்பினரே சுக்கான் பிடிக்கும் பந்தயத்தை முன்வைத்தது. சொந்தக்காரரே ஓட்ட வேண்டுமானால் அவருக்கு ஓட்டத் தெரிய வேண்டும் அல்லவா? கற்றுக்கொள்ள வேண்டிய தேவை அங்கே பிறந்தது.

ஆனால் இளையவர்களுக்கான பயிற்சியைக் கொண்டுவந்தது போர். இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கியதும் உயிர்ப்படகில் இளம் மாலுமிகள், தங்களைவிட வயதான மாலுமிகளுக்கு முன்பே நம்பிக்கை இழந்து சாகிறார்கள் என்று புளூ ஃபன்னல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட் கவலைப்பட்டார். கல்வியாளர் குர்ட் ஹானோடு சேர்ந்து 1941-ல் வேல்ஸின் அபர்டவியில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கினார். போர் முடிந்ததும் 1947-ல், பிரான்ஸில் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த பிலிப் வியானே, எலென் வியானே தம்பதி, போரில் நொந்துபோன இளைஞர்களுக்காக பிரிட்டனி கடலோரத்தின் கிளெனான் தீவுகளில் முகாம் போட்டார்கள். அது வளர்ந்து பாய்ப்படகுப் பள்ளியானது. அந்தப் பள்ளிக்காகவே ழான் ழாக் எர்புலோ ஒட்டுப்பலகையில் வோரியன் என்ற மலிவுப் படகை வரைந்தார். இரண்டு சைக்கிள் விலைதான் என்று அதற்குப் பெயர்.

ஆக, பயிற்சி வெளியிலிருந்து வந்தது. படகு சின்னதாகி, விலை இறங்கிய பிறகுதான் கிளப்கள் அதற்குக் கதவைத் திறந்தன.

தாமான்கயிறு

கொண்டல் நிறுத்திய அதே 1947-ல் இருந்து தொடர்கிறேன். ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டர். பிள்ளைகள் தெருவில் பலகைவண்டிப் பந்தயம் விடுவதைப் போலத் தண்ணீரிலும் ஒன்று வேண்டும் என்று கிளிஃபோர்ட் மெக்கே என்பவர் அந்த ஊர் ஆப்டிமிஸ்ட் என்ற சேவைச் சங்கத்தில் பேசினார். படகு கட்டும் கிளார்க் மில்ஸிடம் வைத்த நிபந்தனை, செலவு 50 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது. கடையில் கிடைத்த ஒட்டுப்பலகை 8 அடிக்கு 4 அடி. அந்த நீளத்துக்குள் கூர்மூக்கு வைத்தால் முன்பக்கம் மிதப்பும் போய்விடும், பிள்ளை உட்கார இடமும் போய்விடும். மூக்கை வெட்டித் தட்டையாக்கினால் முழு நீளமும் பயன்படும். அதனால்தான் 7 அடி 9 அங்குலம், அதாவது 2.36 மீட்டர். இன்று ஃபைபரில் வரும் படகுக்கும் அதே நீளம்தான். பாயும் கம்புகளும் இல்லாத வெறும் கூட்டின் எடை 35 கிலோ, பாய் ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர்.

பாய் நாற்கோணம். அதன் மேல் வெளிமூலையைத் தள்ளிப் பிடிப்பது ஸ்பிரிட் என்ற குறுக்குக் கம்பு. உயரமான பாய்மரம் தேவையில்லை, எல்லாக் கம்புகளும் படகின் நீளத்துக்குள் அடங்கும், கார் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம். காற்றின் அழுத்தம் தாழ்வாக விழுவதால் சாய்வும் குறைவு. ஸ்பிரிட்டைச் சரிசெய்ய ஒரு எளிய கணக்கு உண்டு. பாயின் மேல் வெளிமூலையிலிருந்து பாய்மரத்தின் அடிக்கு மடிப்பு விழுந்தால் ஸ்பிரிட் அதிகமாக இறுகியிருக்கிறது, கொஞ்சம் விடுங்கள். பாய்மரத்தின் உச்சியிலிருந்து, பாயின் அடிக்கம்பான பூமின் வால்முனைக்கு மடிப்பு ஓடினால் இறுக்கம் போதவில்லை.

கரையில் பெற்றோர் பார்க்க வேண்டியவற்றில் எனக்கு முதலாவது பாய்மரத்தின் பூட்டு. பாய்மரம் குறுக்குப்பலகைத் துளை வழியாக இறங்கி, அடிக்கிண்ணத்தில் உட்காருகிறது. பூட்டோ கயிறோ இல்லையென்றால் கவிழ்ந்ததும் கிண்ணத்திலிருந்து நழுவும். நிமிர்த்தும்போது அடிமுனை வேறெங்கோ உட்கார்ந்து நெம்பி, கூட்டையே பிளந்துவிடும். பாய்மரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், வரக் கூடாது.

அடுத்தது மிதவைப் பைகள் மூன்று. ஊதியிருந்தால் மட்டும் போதாது, பட்டைகள் இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்த பட்டையில் பை மேலே மிதந்து எழும், படகு அந்த அளவுக்குத் தண்ணீரில் அமிழும். படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகையான டேகர்போர்டுக்கு ரப்பர் கயிறு, சுக்கானுக்குப் பூட்டு நாக்கு, நீர் இறைக்கும் சட்டிக்கு ஒரு கட்டு. கட்டாத சட்டி முதல் கவிழ்ப்பிலேயே மிதந்து போய்விடும். முன்னால் இழுவைக் கயிறு மிதக்கும் வகையாக, 5 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில், 8 மீட்டருக்குக் குறையாத நீளத்தில் இருக்க வேண்டும் என்று ஆப்டிமிஸ்ட் படகு வகைக்கான விதி சொல்கிறது. கால் மாட்டும் பட்டையின் முடிச்சை இழுத்துப் பாருங்கள். அது அவிழ்ந்தால் வெளியே சாய்ந்திருக்கும் பிள்ளை முதுகுப்பக்கமாகக் கடலில் விழும். கடைசியாக மிதவைச் சட்டை. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக் கூடாது.

இனி கவிழ்ப்பு. பிள்ளைக்குத் தண்ணீரில் விழுவதைவிட, விழுந்ததும் பாய் தலைமேல் கிடக்கும் என்பதுதான் பயம். அந்தப் பயம் இருக்கும்வரை காற்று கூடியதும் பிள்ளை சுக்கானையும், பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஷீட்டை இறுக்கிப் பிடித்தால்தான் படகு கவிழும்! அதனால்தான் இடுப்பளவுக்குக் கொஞ்சம் கூடின, அமைதியான நீரில், பாதுகாப்புப் படகு பக்கத்தில் நிற்கும்போதே இதைப் பழக்குகிறார்கள். பாய்க்குள் மாட்டினால் கையைத் தலைக்குமேல் உயர்த்தித் துணியைத் தூக்கினால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். ஒரு தையல்கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் ஓரம் வந்துவிடும்.

வெளியே வந்ததும் படகை விட்டு நகரவே கூடாது. நீந்திக் கரைக்குப் போகும் பிள்ளையின் தலை அலைகளுக்கு நடுவே தெரியாது, மிதக்கும் படகு தெரியும். ஷீட் கயிறு பற்றிலிருந்து விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, படகின் ஓரத்தைப் பிடித்தபடியே வால்பக்கமாகச் சுற்றி அடிப்புறம் வர வேண்டும். டேகர்போர்டு முழுக்க வெளியே நீட்டியிருந்தால் நெம்புகோல் நீளம் கிடைக்கும், பாதி உள்ளே நழுவியிருந்தால் 30 கிலோ பிள்ளையால் நிமிர்த்த முடியாது. போர்டைப் பிடித்துத் தொங்கி, காலைப் படகின் விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாய வேண்டும். பாய் தண்ணீரை வழியவிட நேரம் எடுக்கும், அவசரப்பட்டு உதறக் கூடாது. ஆழம் குறைந்த இடத்தில் படகு முழுக்கத் தலைகீழானால் பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். அப்போது பிள்ளை முயலவே கூடாது, பயிற்சியாளர் வர வேண்டும்.

நெய்தல்வாசி

மிக்க நன்றி, இருவருக்கும். தாமான்கயிறு சாருக்கு ஒரு துணைக்கேள்வி. நிமிர்ந்த படகு அடுத்த நொடியே மறுபக்கம் சாய்ந்து விழுவதைக் காணொளிகளில் பார்க்கிறேன். பிள்ளையின் எடை போதாததாலா?

தாமான்கயிறு

எடை காரணம் இல்லை. பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்.

பாய்மரம் காற்று வரும் திசையைப் பார்த்துக் கிடந்தால், பாய் நீரைவிட்டு ஒரு முழம் எழுந்ததுமே காற்று அதன் அடியில் புகுந்து தூக்கும். படகு வேகமாக நிமிர்ந்து, நிற்காமல் மறுபக்கம் போய்விடும். சில சமயம் பிள்ளைமேலேயே விழும். முதலில் அணியத்தை (படகின் முன்பக்கத்தை) காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொண்டு நிமிர்த்துவதுதான் மருந்து. அணியத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தாலே படகு மெல்லத் தானாகத் திரும்பிவிடும்.

இரண்டாவது காரணம் உள்ளே நிற்கும் தண்ணீர். ஆப்டிமிஸ்ட்டின் தளம் ஏறத்தாழ 2 மீட்டருக்கு 1 மீட்டர் என்று வையுங்கள். 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட 200 கிலோ. படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்ததும் அவ்வளவும் அந்தப் பக்கமே ஓடும், சாய்வு இன்னும் கூடும். எனவே ஏறும்போது வால்பக்கமோ நடுப்பக்கமோ வயிற்றை வைத்து மெல்ல உள்ளே சரிய வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. நடுவில் மண்டியிட்டு, ஷீட்டை முழுக்க விட்டுவிட்டு, முதலில் பெரிய வாளியால் இறைக்க வேண்டும். அடியில் மிஞ்சுவதற்குத்தான் சட்டி. பாதி தண்ணீரோடு பாயை இழுத்துப் பிடித்து ஓட்டப் பார்ப்பதால்தான் இரண்டாம் முறை கவிழ்கிறது.

மீகாமன்

தாமான்கயிறு சொன்ன அந்த 200 கிலோ தண்ணீரின் கணக்குதான் பாமிரையும் மூழ்கடித்தது. அங்கே தண்ணீருக்குப் பதில் பார்லி.

பாமிர் 1905-ல் ஹாம்பர்க்கில் கட்டிய, நான்கு பாய்மரங்கள் கொண்ட கப்பல். 1957-ல் புவெனஸ் அயர்ஸிலிருந்து ஹாம்பர்க்குக்கு 3,780 டன் பார்லி ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அதில் பெரும்பகுதி மூட்டை கட்டாத குவியல், மேலே கொஞ்சம்தான் மூட்டை. கப்பலை நிலைநிறுத்தும் பாரமாக அடித்தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டிய இடத்திலும் தானியம். கப்பல் சாய்ந்தால் தானியம் அந்தப் பக்கம் சரியும், ஆனால் அலை மறுபக்கம் தள்ளும்போது முழுதாகத் திரும்பி வராது. ஒவ்வொரு அலையிலும் சாய்வு சேர்ந்துகொண்டே போகும். செப்டம்பர் 21 அன்று அட்லாண்டிக்கில் கேரி சூறாவளி பிடித்தபோது பாயைக் குறைத்ததும் தாமதம், சில திறப்புகளை அடைக்கவும் இல்லை. கப்பலில் இருந்த 86 பேரில் 6 பேர் பிழைத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சி மாணவர்கள். அதன் சகோதரக் கப்பல் பாசாட்டும் அதே ஆண்டில் சேவையிலிருந்து விலக்கப்பட்டு இன்று டிராவமுண்டேயில் நிற்கிறது. ஜெர்மனியில் சரக்கையும் மாணவர்களையும் சேர்த்து ஏற்றும் வழக்கம் அத்தோடு முடிந்தது. இன்றைய பயிற்சிக் கப்பல்களில் அடிப்பாரம் பெரும்பாலும் அசையாத உலோகம்.

இதற்கு 25 வருடம் முன்னால் இன்னொரு பாடம். 1932 ஜூலை 26 அன்று ஜெர்மன் கடற்படையின் நியோபே, ஃபெமார்ன் தீவுக்கு அருகே திடீர்ச் சூறையில் கவிழ்ந்து 69 பேர் இறந்தார்கள். வெயில் நாள் என்று ஜன்னல்களும் மூடிகளும் திறந்திருந்தன. கப்பலைச் சாய்த்தது காற்று, மூழ்கடித்தது திறந்த ஜன்னல். அடுத்த ஆண்டே கட்டிய கோர்க் ஃபோக் கிட்டத்தட்ட 90 பாகை சாய்ந்தாலும் நிமிரும்படி வடிவமைக்கப்பட்டது. அதன் தங்கைக் கப்பல்களில் ஒன்றுதான் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இன்றும் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஈகிள்.

1984 ஜூன் 3 அன்று பெர்முடா அருகே மார்க்கெஸ் ஒரு நிமிடத்துக்குள் மூழ்கி 28 பேரில் 19 பேரை இழந்த பிறகு, சவுத்தாம்ப்டனின் உல்ஃப்சன் பிரிவு செய்த ஆய்வுகளிலிருந்து சூறை வரைபடம் என்ற கருவி வந்தது. இதைப் பெற்றோருக்கு அவசியம் விளக்குங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய்மேல் விழும் விசை நான்கு மடங்கு. எனவே 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) காற்றில் சுகமாகச் சாய்ந்து ஓடும் கப்பலை 30 நாட் வீச்சு வந்தால் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கப்பலுக்கும், எத்தனை பாகை சாய்ந்தால் திறப்புகள் நீருக்குள் போகும் என்ற எல்லை உண்டு. இப்போதைய சராசரிக் காற்று இவ்வளவு, வரக்கூடிய சூறை இவ்வளவு என்றால் இப்போது எத்தனை பாகைக்கு மேல் சாய்ந்து ஓடக் கூடாது என்பதை அந்த வரைபடம் காட்டும். எண் மீறினால் பாயைக் குறை, விவாதம் வேண்டாம்.

2010 பிப்ரவரி 17 அன்று பிரேசிலுக்கு அப்பால் கவிழ்ந்த கனடாவின் கான்கார்டியாவில் இந்த வரைபடம் இருந்தது. ஆனால் காவலில் இருந்த அதிகாரி அதைப் பயன்படுத்தப் பழகியிருக்கவில்லை, கதவுகளும் காற்றுத் திறப்புகளும் அடைக்கப்படவில்லை என்று கனடா விசாரணை சொன்னது. மாணவர்கள் உட்பட 64 பேரும் உயிர் தப்பினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் என்றால், பாய்கள் தொங்கும் குறுக்குக் கம்புகளான பருமல்களைத் திருப்ப ஒரே நேரத்தில் பல கைகள் வேண்டும், தனியாள் திறமை அங்கே செல்லாது. நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள் ஒவ்வொன்றும் எந்த முளையில் கட்டப்பட்டிருக்கிறது என்று இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். காற்று மாறுவதை முகத்தில் உணரும் பழக்கம் எஞ்சின் கப்பலில் வராது. நம் கடற்படையும் இதை நம்புகிறது. காலின் மியூடி வடிவமைத்து, கோவா கப்பல் தளத்தில் கட்டிய ஐஎன்எஸ் தரங்கிணி 1997 நவம்பர் 11 அன்று சேவைக்கு வந்தது. 54 மீட்டர், மூன்று பாய்மரம், 20 பாய்கள். 2012-ல் ஐஎன்எஸ் சுதர்சினியும் சேர்ந்தது.

கொண்டல்

கையேடு சென்னைப் பெற்றோர் கைக்குப் போகும் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது. தொடங்கியவர் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த ஆண்டு அதே கழகத்தில் கணக்கராகச் சேர்ந்த ராமானுஜனுக்குத் துணைநின்றவரும் இவரே. கிளப் துறைமுகத்துக்குள் அமைந்ததற்குக் காரணம் உண்டு. வெளியே சென்னைக் கரையில் அலை உடையும் இடத்தைச் சிறு படகு தாண்டுவது கடினம், அலைதடுப்புச் சுவருக்குள்தான் பழக நீர் அமைதியாக இருக்கும். சென்னையில் கோடை முகாமில் பாய் பிடிக்கத் தொடங்கிய நேத்ரா குமணன், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

காற்றைப் பற்றியும் சொல்லுங்கள். கோடைக் காலையில் நிலத்திலிருந்து வரும் காற்று மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் அது படகைக் கடலுக்குள் தள்ளும் காற்று. நடுப்பகலுக்கு மேல் வரும் கடற்காற்று பலமானது, ஆனால் கரைக்குத் தள்ளும். துறைமுகத்துக்கு வெளியே போகும் பயிற்சியில் புதியவர்களுக்கு முதலாவதுதான் ஆபத்து அதிகம். சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் ஒரு பாதுகாப்புப் படகுக்கு எத்தனை ஆப்டிமிஸ்ட் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒற்றையாள் படகுகளுக்குப் பிரிட்டனின் ராயல் யாட்டிங் சங்கம் வைத்திருக்கும் உச்சவரம்பு, ஒரு பயிற்சியாளருக்கு ஆறு.